மேட்டு மனைக்கு அடியில்: நெமிலிச்சேரியிலிருந்து பட்டறைப்பெரும்புதூர் வரை

ஆவடி தாண்டி, பட்டாபிராம் தாண்டி திருவள்ளூர் பக்கம் போனால், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கே வரும் இடம்தான் நெமிலிச்சேரி. 2014-ல் அந்தச் சாலையின் முதல் கட்டம், 29.65 கிலோமீட்டர், வண்டலூரில் தொடங்கி இங்கேதான் வந்து முடிந்தது. மீஞ்சூர் வரையான மீதிப் பாதி 2021-ல் திறந்தது. அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும்னு சொல்லணுமா? சாலையின் இரண்டு பக்கமும் கல் நட்டு, கொடி கட்டி, "சிஎம்டிஏ அப்ரூவ்டு" பலகை வைத்த மனைப்பிரிவுகள். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை மாவட்டத்து ஊர்கள் எத்தனையோ ஒரே உத்தரவில் "சென்னை" ஆகிவிட்டன.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தெலுங்கில் நெமலி என்றால் மயில். ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ஊர்ப்பெயருக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எனக்கில்லை. அதே பெயரில் இன்னொரு நெமிலிச்சேரி குரோம்பேட்டை பக்கம் இருக்கிறது. அது பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர். ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.)

இந்தப் பதிவில் நான் கேட்பது ஒரே கேள்வி. வீட்டுமனை போடுவதற்கு முன்னால் அந்த நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? மண் பரிசோதனைக்கு ஆள் வருகிறார், வில்லங்கம் பார்க்க ஆள் இருக்கிறார், வாஸ்து பார்க்கவும் ஆள் இருக்கிறார். மூவாயிரம் வருஷத்து ஊர் ஒன்று அடியில் படுத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

"நம்ம ஊர்ல அப்படி என்ன இருக்கப்போகுது" என்பவர்களுக்கு முதல் பதில், நெமிலிச்சேரியிலிருந்து அதே மேற்குத் திசையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது. ஊர் பெயர் பட்டறைப்பெரும்புதூர். சென்னையின் அரசு சட்டக் கல்லூரியை 2018-ல் பிரித்து மாற்றினார்களே, அதில் ஒரு பகுதி போன ஊர் என்றால் பலருக்கும் ஞாபகம் வரும். கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். 2015-16-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. ஆனைமேடு, நத்தமேடு, இருளந்தோப்பு என்று மூன்று இடங்களில் குழிகள் போட்டார்கள்.

கிடைத்தவற்றைக் காலவரிசையில் வைத்துப் பாருங்கள். கற்கருவிகள். அப்புறம் இரும்புக் காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானையோடுகள். அதற்கு மேல் சங்க காலம் என்று நாம் சொல்லும் தொடக்க வரலாற்றுக் காலத்துத் தடயங்கள்: தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு, கூரை ஓடுகள், சுடுமண் உறைகிணறு. அதற்கும் மேல் இடைக்காலம். ஒரே ஊரின் எல்லைக்குள், மாறி மாறி மனிதர்கள் வந்து, தங்கி, போய், திரும்பி வந்திருக்கிறார்கள். பல காலத்து வாழ்விடம் என்று தொல்லியலாளர்கள் சொல்வது இதைத்தான். அரண்மனை இல்லை, கோட்டை இல்லை. ஒரு சாதாரண ஆற்றங்கரைக் கிராமம், அவ்வளவுதான்.

உறைகிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மணலும் வண்டலுமான மண்ணில் வெறும் குழி தோண்டினால் பக்கவாட்டு மண் சரிந்துகொண்டே இருக்கும். அதனால் சுட்ட களிமண் வளையங்களைச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தத் தொழில்நுட்பம் செத்துப்போகவில்லை என்பதுதான் வேடிக்கை. இன்றைக்கும் நம் பக்கத்தில் கிணறு வெட்டினால் "உறை இறக்கியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சுடுமண்ணுக்குப் பதில் சிமெண்ட். பாதாளச் சாக்கடை வராத புறநகர் மனையில் கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே சிமெண்ட் உறைதான். பழைய உறைகிணறு ஒன்று உடைபடப் போகிறதென்றால், பெரும்பாலும் அது புது உறை இறக்கத் தோண்டும் குழியில்தான் உடைபடும்.

கறுப்பு-சிவப்புப் பானையோடும் அப்படித்தான், பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வாய்ப்பகுதிக்கும் உள்பக்கத்துக்கும் காற்று போகாது, அங்கே கறுப்பாகிவிடும். காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவப்பு. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு ஓட்டுத் துண்டு மனையில் கிடந்தால், அது உங்கள் பாட்டி உடைத்த மண்சட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு.

சரி, ஏன் இந்த மாதிரி இடங்கள் எல்லாம் "மேடு" என்ற பெயரோடு இருக்கின்றன? ஆனைமேடு, நத்தமேடு... ஒரு ஊர் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால், இடிந்த மண்சுவர், அடுப்புச் சாம்பல், உடைந்த ஓடு, சாணி எல்லாம் சேர்ந்து தரையே உயர்ந்துகொண்டு போகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தண்ணீர். தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. ஏரிக்கு நீர்பிடிப்பு ஒரு பக்கம், நஞ்சை ஒரு பக்கம் போக, பாய்ச்சலுக்கு எட்டாத, மழையில் மூழ்காத மேட்டில்தான் குடியிருப்பு வைப்பார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிற விஷயம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மனை வாங்கப் போகிற யாரும் கேட்கிற முதல் கேள்வி "தண்ணி நிக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கு "சார், இது மேடு சார்" என்று பதில் சொல்லக்கூடிய நிலத்துக்குத்தான் விலை. ஆக, இரும்புக் காலத்துக்காரன் எந்தக் கணக்குப் போட்டு இடம் தேர்ந்தெடுத்தானோ, அதே கணக்கைத்தான் இன்றைக்கு மனை போடுகிறவரும் போடுகிறார். தற்செயலாக எங்கேயோ ஒரு தொல்லியல் மேடு மனைக்குள் மாட்டிக்கொள்கிறது என்று நினைத்தால் தப்பு. நல்ல மேடாகத் தேடுகிற தேடலே நம்மைப் பழைய ஊர் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு ஆவணச் சாட்சியும் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி விதிக்காமல் கழிக்கும் இடங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள்: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. சாதி வாரியாக யார் எங்கே இருக்க வேண்டியிருந்தது, யாரை எங்கே எரித்தார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. அந்த "நத்தம்" என்ற சொல் ஆயிரம் வருஷம் தாண்டி இன்றைய வருவாய்த் துறை 'அ' பதிவேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தொல்லியல் ஆளுக்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டுமா? கிராம நிர்வாக அலுவலரின் மேஜையிலேயே பாதி ஆய்வு முடிந்துவிடும். கம்பெனி ஆட்சியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகிர் முழுக்க அளந்து, சுமார் 2,000 ஊர்களின் கணக்கை எடுத்தார். மேற்குச் சென்னையின் பழைய நிலவரம் தெரிய அதுவும் ஒரு சுரங்கம். நத்தம், பாழ்மேடு, தாழிமேடு, பாண்டவர் குழி, ஓட்டாங்காடு என்று புலங்களுக்கு வழங்கும் பெயர்களையும் சேர்த்துக்கொண்டால் எங்கே குழி போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பக்கத்து ஊர் திருநின்றவூரில் பூசலார் நாயனார் தன் மனதுக்குள்ளேயே ஒரு சிவன் கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்லும். அந்த ஒரு கட்டடத்துக்குத்தான் இந்த வட்டாரத்தில் அஸ்திவாரக் குழி தேவைப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பொக்லைன் வந்துதான் ஆகணும்.

இப்போது பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி, புவியியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் மனிதக் கை பட்ட ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் குழி ஆய்வுக்காகத் தோண்டியது இல்லை, சரளைக்காகத் தோண்டியது! கட்டுமான வேலைதான் இந்தியத் தொல்லியலுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அல்லிக்குழி மலைத்தொடரிலிருந்து உருண்டு வந்த குவார்ட்சைட் கூழாங்கற்கள்தான் அங்கே கைக்கோடாரிக்கு மூலப்பொருள். 1999-லிருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே பொறுமையாகத் தோண்டியதில், கீழடுக்குக் கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் தெரிந்தது. மேலடுக்கில் இடைப் பழைய கற்கால மரபு 3,85,000 வருஷம் வரை பின்னால் போகிறது என்று 2018-ல் தெரிந்தது. உலகத்தின் பாடப்புத்தகத்தைத் திருத்த வைத்த மண் இது. நெமிலிச்சேரிக்குக் கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனால் அதே மாவட்டம்.

பல்லாவரத்தின் இன்னொரு கதைதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். 1880களில் அலெக்சாண்டர் ரீ அங்கே சுடுமண் ஈமப்பேழை ஒன்றைக் கண்டெடுத்தார், கால்கள் வைத்த சுடுமண் தொட்டி மாதிரி. பெருங்கற்காலக் கல்லறைகள் நிறைந்த அந்தப் பகுதி மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. காலப்போக்கில் சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. 1958-ம் வருஷத்து தொல்லியல் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும் என்று ஆனது. பல்லாவரத்தில் இதனால் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண வீட்டுக்காரர்கள். மாடி கட்ட முடியவில்லை, இடித்துக் கட்ட முடியவில்லை என்று வருஷக் கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012-ல் அங்கே இன்னொரு ஈமப்பேழையும் கிடைத்தது. ஆக, இடம் முக்கியமானது என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக்காரர்கள் கஷ்டமும் பொய்யில்லை.

இதன் விளைவு என்ன தெரியுமா? மண்ணுக்கடியில் பழம்பொருள் கிடைத்தால் "நிலம் போச்சு" என்ற பயம். பொக்லைன் கொக்கியில் தாழி சிக்கினால், நிறுத்திவிட்டு அதிகாரியைக் கூப்பிடுவதைவிட, வேகமாக மூடிவிட்டு கான்கிரீட் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு மனை உரிமையாளர் நினைத்தால், அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சட்டம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நம்மிடம் இருப்பது இரண்டே நிலை. பட்டியலில் இருக்கும் இடம் என்றால் காலத்துக்கும் கை வைக்கக்கூடாது. பட்டியலில் இல்லாத இடம் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 1966-ம் வருஷத்து தமிழ்நாடு சட்டமும் அடிப்படையில் அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றித்தான் சுழல்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடப் பரப்பு வந்தால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், அதிலும் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட இடம் பக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்விதான். இன்னும் கண்டுபிடிக்காததைப் பற்றி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வேறு ஊர்களில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1990-ல் ஒரு திட்டமிடல் வழிகாட்டி வந்தது. கட்டுமான அனுமதி கேட்பவர் முதலில் பழைய வரைபடங்களையும் பதிவுகளையும் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நிலத்தில் அங்கங்கே நீளமான சோதனைக் குழிகள், வழக்கமாக மொத்தப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம். அதில் ஏதாவது தென்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் முழுசாகத் தோண்டி, பதிவு செய்து, பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். செலவு கட்டுகிறவருடையது. அப்புறம்? வீடு கட்டிக்கலாம். அங்கே வெண்கலக் காலம், ரோமானியர் காலம், இடைக்காலம் என்று அடுக்கடுக்காக ஒரே வயலில் கிடைத்த கிராமங்கள் எத்தனையோ இப்படி வீட்டுத் திட்டங்களுக்கு முன்னால் தோண்டியதில் வந்தவைதான். 1992-ல் வல்லெட்டாவில் ஐரோப்பிய நாடுகள் இதையே ஒப்பந்தமாக எழுதிக்கொண்டன. பிரான்சில் 2001-ல் சட்டம் போட்டு, இதற்கென்றே தனி நிறுவனம் வைத்தார்கள்.

"அது பணக்கார நாடு சார்" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெமிலிச்சேரிப் பக்கம் 5 ஏக்கர் மனைப்பிரிவு என்று வையுங்கள். 2,17,800 சதுர அடி. அதில் 2 சதவீதம் 4,356 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் குறைவு. தொல்லியல் பாஷையில் சொன்னால் பத்துக்குப் பத்து மீட்டரில் நாலு குழி. பெரும்பாலான நிலத்தில் ஒன்றும் கிடைக்காது, ஒரு சில வாரத்தில் மூடிவிடலாம். கிடைத்தால்? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக, பூங்காவுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கித் தருகிறார்கள். நம்ம 5 ஏக்கரில் அது சுமார் 9 கிரவுண்டு. வரைபடம் போடுவதற்கு முன்னால் சோதனைக் குழி போட்டிருந்தால், அந்தப் பூங்காவைப் பழைய மேட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிடலாம். யாருக்கும் ஒரு சதுர அடி நஷ்டமில்லை. மனை பிரித்து விற்ற பிறகு இது நடக்காது, அதுதான் விஷயம். வரிசை முக்கியம்.

தோண்டி எடுத்துவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவது நமக்குப் புதுசும் இல்லை. கீழடியில் தென்னந்தோப்புக்காரர்களிடம் நிலம் வாங்கித் தோண்டி, ஆய்வு முடிந்ததும் பல குழிகளை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். தேங்காய் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, கற்கருவிகள், சங்க காலப் பானையோடுகள், பல்லவர் காலத் தடயங்கள் என்று மறுபடியும் அதே பல காலத்து அடுக்கு. சென்னையின் மேற்கு, தென்மேற்கு விளிம்பில் எங்கே கவனமாகத் தோண்டினாலும் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், தோண்டாத இடங்களைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுவது நியாயம்தானே?

ஏன் கவனமாகத் தோண்டணும், பொருள் கிடைத்தால் போதாதா என்றால், போதாது. ஒரு பானையோட்டுக்குத் தனியாக வயசு கிடையாது. அது எந்த மண்ணடுக்கில் இருந்தது, மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் கரித்துண்டு இருந்ததா என்பதில்தான் அதன் கதை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நம்ம ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது சொல்லிக் கொடுத்ததும் இதுதான்: குழிக்கும் குழிக்கும் நடுவே மண் திட்டை விட்டுவை, பக்கச் சுவரில் அடுக்கைப் படி. பொக்லைன் ஒரு கொத்தில் ஒரு மீட்டர் ஆழத்தை அள்ளி லாரியில் கொட்டும்போது, ஆயிரம் வருஷம் ஒரே குவியலாகிவிடுகிறது.

இதில் நம்ம புறநகருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தாழ்வான மனையை உயர்த்த எங்கிருந்தோ ஏரி மண்ணும் சரளையும் லாரி லாரியாக வருகிறது. அந்தச் சரளையில் கற்கருவி வரலாம், அந்த மேட்டு மண்ணில் பானையோடு வரலாம். அம்பத்தூரில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கைக்கோடாரி கிடைத்தது என்றால், அம்பத்தூரில் ஆதிமனிதன் இருந்தான் என்று உடனே பதிவு போட்டுவிடாதீர்கள். அந்த மண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று லாரிக்காரரைக் கேளுங்கள். பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கி.மு. 1604 – 1416 என்று காலம் கணித்த இரும்பு கிடைத்த மாங்காடு, நம்ம காமாட்சி அம்மன் மாங்காடு இல்லை, சேலம் மாவட்டத்து மாங்காடு. குன்றத்தூர் பக்கம் உற்சாகமாக இதைப் பகிர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். உங்கள் தெருவில் அஸ்திவாரக் குழியிலோ உறைக் குழியிலோ சுடுமண் வளையமோ, வாய் அகன்ற பெரிய தாழியோ, உள்ளே கறுப்பான ஓடுகளோ தெரிந்தால், பிடித்து இழுக்காதீர்கள். குழிச் சுவரோடு சேர்த்துப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலோ செங்கல்லோ வைத்து. தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறியுங்கள். அந்த மண் அந்த இடத்து மண்தானா, வந்த மண்ணா என்று விசாரியுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ எழுதிக் கொடுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல். 1878-ம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. அதன்படி மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் திருத்தவில்லை.